நாவில் பழகிய சொற்கள்



அல்லாஹ்வின் திருநாமம் கொண்டு ஆரம்பம் செய்கின்றேன். மனிதனைப் படைத்து, அவனுக்குப் பேச்சாற்றலையும் கற்றுக் கொடுத்த அந்த இறைவனுக்கே புகழனைத்தும் உரித்தாகட்டும். சொல்லிலும் செயலிலும் நமக்கு அழகிய முன்மாதிரியாகத் திகழ்ந்த எம்பெருமானார் முஹம்மத் முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

இன்று உங்களோடு பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் மிகவும் சிறியதாகத் தோன்றலாம். நாம் நாள் முழுவதும் பேசும் பேச்சில், கருத்து எதுவும் இன்றிப் பழக்கத்தினால் மாத்திரம் வந்து விழுகின்ற சொற்களைப் பற்றியே பேசப் போகின்றேன்.

ஒரு பத்து நிமிட நேரம் யாருடைய பேச்சையாவது கூர்ந்து கேட்டுப் பாருங்கள். "அது வந்து", "என்ன சொல்றது", "விளங்குதா", "தெரியுமா", "அப்ப" என்ற சொற்கள் எத்தனை தடவைகள் வருகின்றன? ஆங்கிலம் படித்த பிள்ளைகளாயின் "ஆக்சுவலி", "பேசிக்கலி" என்பார்கள். இவற்றை நீக்கிவிட்டாலும் சொல்ல வந்த செய்தியில் குறை எதுவும் ஏற்படுவதில்லை. ஆனால் நாவு அவற்றை விடுவதில்லை.

இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் குறைபாடு என்று பெரியவர்கள் எண்ணிவிட வேண்டாம். ஹிஜ்ரி 255இல் வபாத்தான பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ், தமது 'அல்பயான் வத்தப்யீன்' என்னும் நூலில் இதே விடயத்தைப் பேசுகின்றார். அத்தாபி என்ற கவிஞரிடம் நாவன்மை என்றால் என்னவென்று கேட்கப்பட்டபோது, தடுமாற்றமும் பிற சொற்களின் உதவியும் இன்றித் தன் கருத்தை விளங்க வைப்பதே நாவன்மை என்ற பொருளில் அவர் பதிலளித்தாராம். உதவி தேடுவது என்றால் என்னவென்று மீண்டும் கேட்கப்பட்டது. பேச்சு நின்று போகும் இடங்களிலெல்லாம் 'இங்கே பார்', 'கேட்டீரா', 'விளங்கியதா' என்ற வகைச் சொற்களைப் போட்டு நிரப்புவதே அது என்று அவர் விளக்கினார். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்னர், அரபு மொழி செழித்தோங்கிய நகரங்களிலும் மக்கள் இப்படித்தான் பேசியிருக்கின்றார்கள்.

இத்தகைய சொற்களில் பெரும்பாலானவற்றால் தீங்கு எதுவும் இல்லை. அடுத்த சொல்லை மனம் தேடிக்கொண்டிருக்கும்போது, 'நான் இன்னும் பேசி முடிக்கவில்லை, சற்றுப் பொறுங்கள்' என்று எதிரில் இருப்பவருக்கு நாவு கொடுக்கும் அடையாளம் அது. ஆங்கிலப் பேச்சில் வரும் 'அஹ்', 'அம்' என்ற ஓசைகளைக் கிளார்க், ஃபொக்ஸ் ட்ரீ என்னும் இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் தமது முடிவை வெளியிட்டார்கள். முதலாவது ஓசை சிறிய தாமதத்தையும் இரண்டாவது ஓசை அதைவிட நீண்ட தாமதத்தையும் முன்கூட்டியே அறிவிக்கின்றன என்பது அவர்கள் கண்ட உண்மையாகும். ஆகவே, பேச்சில் தடுமாறும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதற்கு நம்மில் எவருக்கும் உரிமையில்லை. தனது நாவில் உள்ள முடிச்சை அவிழ்த்துவிடுமாறு மூஸா (அலை) அவர்களே அல்லாஹ்விடம் இறைஞ்சியதைச் சூரா தாஹாவில் நாம் ஓதுகின்றோமல்லவா?

அப்படியாயின் எந்தச் சொற்களைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டும்? பேசுகின்றவருக்கு வெறும் பழக்கமாகவும், கேட்கின்றவருக்குப் பொருளுள்ள சொல்லாகவும் இருக்கின்றனவே, அந்தச் சொற்களைப் பற்றித்தான். அவற்றுள் 3 வகைகளை இன்று எடுத்துக்கொள்வோம்.

கண்ணியமிக்க வாலிப சகோதரர்களே!

முதலாவது வகை, சத்தியச் சொற்கள். "வல்லாஹி மச்சான், நான் காணவே இல்ல." "வல்லாஹி, என்ன வெயில்!" "வல்லாஹி, அந்த மெச் நல்லா இருந்திச்சு." வெயிலுக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்ய வேண்டிய தேவை என்ன? தேவை எதுவுமில்லை. சத்தியம் செய்கின்றோம் என்ற எண்ணமும் அந்த நேரத்தில் இருப்பதில்லை. 'அது வந்து' என்பதைப் போன்று 'வல்லாஹி'யும் ஒரு நிரப்புச் சொல்லாகிவிட்டது.

அல்லாஹுதஆலாவின் கருணையைப் பாருங்கள். சூரா பகராவின் 225ஆம் வசனத்திலும் சூரா மாயிதாவின் 89ஆம் வசனத்திலும், எண்ணமின்றி வாயில் வரும் வீண் சத்தியங்களுக்காக அவன் நம்மைப் பிடிப்பதில்லை என்று அறிவிக்கின்றான். இந்த வீண் சத்தியம் எதுவென்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் தந்த விளக்கம் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஒருவர் பேச்சுக்கிடையே 'லா வல்லாஹ்', 'பலா வல்லாஹ்' என்று சொல்வதைக் குறித்தே அவ்வசனம் இறங்கியது என்பது அன்னையாரின் விளக்கமாகும். நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபும் இதையே எடுத்துக்கொண்டு, நாவு முந்திக்கொண்டு வந்த இத்தகைய சொற்களுக்குக் குற்றப்பரிகாரம் இல்லை என்கின்றது. உண்மையென்று நம்பிச் செய்து, பின்னர் பிழையென்று தெரியவரும் சத்தியமே வீண் சத்தியம் என ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் விளக்கம் தருகின்றார்கள்.

அல்லாஹ் பிடிப்பதில்லை என்று சொல்லியிருக்க, மௌலவி ஏன் பிடிக்கின்றார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மன்னிப்பு என்பது தவறி விழுந்தவனைத் தூக்கிவிடும் கை. அந்தக் கை இருக்கின்றதென்று தினமும் விழுந்துகொண்டிருப்பது அடியானுக்கு அழகாகுமா? அதே சூரா பகராவின் 224ஆம் வசனத்தில், அல்லாஹ்வை நமது சத்தியங்களுக்கு இலக்காக்கிக்கொள்ள வேண்டாம் என்ற தடையும் இருக்கின்றது. சூரா கலமின் 10ஆம் வசனம், அதிகமாகச் சத்தியம் செய்பவனை இழிவானவன் என்ற வரிசையில் வைத்துப் பேசுகின்றது.

அத்தோடு, பழக்கம் ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. வெயிலுக்கு 'வல்லாஹி' சொல்லிப் பழகிய நாவு, நாளை கடையில் வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போதும் அதையே சொல்லும். "வல்லாஹி, வாங்கின விலைக்கே தாறன்" என்று புடவைக் கடையில் ஒருவர் சொல்கின்றார். சொல்பவருக்கு அது வியாபாரப் பேச்சு. கேட்கும் தாய்க்கோ, அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து ஒரு முஸ்லிம் சொன்ன வார்த்தை. அதை நம்பியே கையிலிருக்கும் காசை எண்ணிக் கொடுக்கின்றாள். வாங்கிய விலை வேறாக இருந்தால், வீண் சத்தியத்துக்குரிய சலுகை இங்கே கிடையாது. அறிந்துகொண்டே செய்யும் பொய்ச் சத்தியம் பெரும் பாவங்களுள் ஒன்று. ஷாஃபிஈ மத்ஹபின்படி தவ்பாவுடன் கப்பாராவும் கடமையாகும். 10 ஏழைகளுக்கு உணவளித்தல் அல்லது உடையளித்தல், அதற்கு வசதியில்லாதவர் 3 நாட்கள் நோன்பு நோற்றல் என்பதை இன்று நாம் நிறைவேற்றத்தக்க கப்பாராவாக மாயிதாவின் அதே வசனம் கற்றுத் தருகின்றது. சத்தியம் சரக்கை விற்றுத் தந்தாலும் பரகத்தை அழித்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம்களான புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கின்றார்கள்.

"உம்மா மேல சத்தியமா", "பிள்ளை மேல சத்தியமா" என்பதும் நம்மவர்களிடம் சாதாரணமாகப் புழங்குகின்றது. உமர் (ரழி) அவர்கள் ஒரு பயணத்தில் தமது தந்தையின் மீது சத்தியம் செய்ததை நபியவர்கள் செவியுற்றார்கள். தந்தையர் மீது சத்தியம் செய்வதை அல்லாஹ் தடுத்திருக்கின்றான் என்றும், சத்தியம் செய்ய வேண்டியவர் அல்லாஹ்வின் மீது செய்யட்டும், இல்லையேல் மௌனமாக இருக்கட்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அதன் பின்னர் தமது சொல்லாகவோ, பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வதாகவோ கூட அந்தச் சத்தியத்தைத் தாம் வாயில் எடுத்ததில்லை என உமர் (ரழி) அவர்கள் கூறுகின்றார்கள். குறைஷிகளின் நாவில் ஊறிப் போயிருந்த ஒரு வழக்கம், ஒரே அறிவுரையில் நின்றுவிட்டது.

அன்பார்ந்த நேயர்களே!

இரண்டாவது வகை, 'இன்ஷா அல்லாஹ்' என்னும் மகத்தான வார்த்தை. நாளை இதைச் செய்வேன் என்று உறுதி கூறும்போது அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்த்தே சொல்ல வேண்டுமெனச் சூரா கஹ்ஃபின் 23, 24ஆம் வசனங்கள் நபியவர்களுக்கே கட்டளையிட்டன. 'செய்வதற்கு நான் உறுதி கொண்டுவிட்டேன், முடித்து வைப்பது அவன் கையில்' என்பது இதன் உட்பொருள். முதலில் நம்முடைய உறுதி இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? "வாப்பா, பள்ளிக்கூடப் போட்டிக்கு வருவீங்களா?" என்று மகன் கேட்கின்றான். போக முடியாது என்பது தந்தைக்கு அப்போதே தெரியும். "இன்ஷா அல்லாஹ் பார்ப்பம் மகன்" என்கின்றார். தந்தைக்கு அது பேச்சை முடித்து வைக்கும் ஒரு சொல். பிள்ளையோ வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றான். இவ்வாறு 4, 5 தடவைகள் நடந்தால் போதும். 'இன்ஷா அல்லாஹ்' என்றால் 'இல்லை' என்பதே பொருள் எனப் பிள்ளை கற்றுக்கொள்கின்றான். அகராதியைப் பார்த்து அவன் இதைக் கற்கவில்லை. நம்மிடமிருந்தே கற்றான். கடன் திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நாள் சொல்லாமல் 'இன்ஷா அல்லாஹ்' என்று இழுத்தடிக்கும்போது, கடன் கொடுத்த சிங்களச் சகோதரரும் தமிழ்ச் சகோதரரும் இதே பொருளைக் கற்றுக்கொள்கின்றார்கள். நம் மார்க்கத்தின் ஒரு வார்த்தையை அவர்கள் எப்படி விளங்கிக்கொள்கின்றார்கள் என்பதற்கு நாமல்லவா பொறுப்பாளிகள்?

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரழி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, நபியவர்கள் அவர்களது வீட்டில் அமர்ந்திருந்தார்கள். "இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்ற கருத்தில் தாயார் மகனை அழைத்தார். பிள்ளைகளைக் கூப்பிட நாமும் அன்றாடம் சொல்லும் சாதாரணப் பேச்சுதான். என்ன கொடுக்க எண்ணினீர் என்று நபியவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாயார். ஒன்றும் கொடுக்காதிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என நபியவர்கள் உணர்த்தினார்கள். இச்சம்பவம் ஸுனன் அபூதாவூதில் இடம்பெறுகின்றது. சிறுபிள்ளையிடம் சொல்லும் சொல்லும் சொல்தான் என்பதே இதன் பாடம்.

ஒரு சந்தேகத்தையும் இங்கே நீக்கிவிட வேண்டும். 'ஸுப்ஹானல்லாஹ்', 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற திக்ருகளும் பழக்கத்தினால் நாவில் வருகின்றனவே, அவற்றையும் குறைக்க வேண்டுமா என்று எவரும் எண்ண வேண்டாம். அல்லாஹ்வின் நினைவால் நாவு நனைந்திருப்பது பெரும் பாக்கியம். திக்ரினால் எவரும் ஏமாறுவதில்லை. சத்தியமும் வாக்குறுதியும் அப்படியல்ல. அவற்றை நம்பி இன்னொருவர் தன் பணத்தையோ நேரத்தையோ மனத்தையோ கொடுத்துவிடுகின்றார்.

கண்ணியத்துக்குரிய தாய்மார்களே, தந்தைமார்களே!

மூன்றாவது வகையைப் பற்றிப் பேசுவதுதான் கடினமானது. "நாசமாப் போவாய்", "நீ உருப்பட மாட்டாய்", "மவுத்தாப் போ". பிள்ளை கோப்பையை உடைத்தால் ஒன்று, மத்ரஸாவுக்குப் பிந்தினால் ஒன்று. மனதில் அப்படியொரு எண்ணம் எந்தத் தாய்க்கும் கிடையாது. அதே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இரவு முழுவதும் விழித்திருப்பவளும் அவளே. "வாய்ப் பழக்கத்தில சொல்றது மௌலவி, மனசால இல்ல" என்பார்கள். உண்மைதான்.

மனதால் எண்ணாத இத்தகைய சொற்கள் அரபு மக்களின் வழக்கிலும் இருந்தன என்பதை இமாம் நவவி (ரஹ்) போன்ற அறிஞர்கள் விளக்கியுள்ளார்கள். இது தொடர்பாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு சம்பவத்தைக் கேளுங்கள். உம்மு ஸுலைம் (ரழி) அவர்களின் பராமரிப்பில் ஓர் அநாதைச் சிறுமி இருந்தாள். நபியவர்கள் அவளைக் கண்டு, நன்றாக வளர்ந்துவிட்டாயே என்று கூறி, உன் வயது பெருகாதிருக்கட்டும் என்ற பொருளுடைய ஒரு வழக்குச் சொல்லையும் சேர்த்துச் சொன்னார்கள். சிறுமியோ அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். தான் இனி வளரவே மாட்டேன் என்று அழுதுகொண்டு ஓடினாள். உம்மு ஸுலைம் (ரழி) அவர்கள் தமது முக்காட்டைச் சுற்றிக்கொண்டு விரைந்து வந்து, நபியவர்களிடம் விடயத்தை முறையிட்டார்கள். நபியவர்கள் சிரித்துவிட்டு, தாமும் ஒரு மனிதரே என்றும், தகுதியில்லாத எவருக்கெதிராகவேனும் தம்மிடமிருந்து இத்தகைய சொல் வந்துவிட்டால் அதை அவருக்குத் தூய்மையாகவும் மறுமையில் தன்னை நெருங்கச் செய்யும் நன்மையாகவும் ஆக்கிவிடுமாறு இறைவனிடம் கேட்டிருப்பதாகவும் கூறி ஆறுதலளித்தார்கள்.

நேயர்களே, இச்சம்பவத்தைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். சொல்லில் தீய எண்ணம் இருக்கவில்லை. ஆயினும் ஒரு சிறுமி அழுதாள். 'இது வெறும் வழக்குச் சொல், இதற்குப் போய் அழுகின்றாளா' என்று அந்த அழுகையை உம்மு ஸுலைம் (ரழி) அவர்களும் ஒதுக்கவில்லை, நபியவர்களும் ஒதுக்கவில்லை. தமது சொற்கள் எவருக்கும் தீங்காகிவிடாதவாறு நபியவர்கள் முன்னரே இறைவனிடம் கேட்டு வைத்திருந்தார்கள். நமது சொற்களுக்கு அப்படியொரு பாதுகாப்பை நாம் பெற்றிருக்கின்றோமா?

ஒரு போர்ப் பயணத்தில் அன்ஸாரித் தோழர் ஒருவர், நடக்கத் தாமதித்த தமது ஒட்டகத்தை அதட்டிச் சபித்துவிட்டார். வாகனம் ஸ்டார்ட் ஆகாதபோது நம்மவர்கள் ஏசுவதைப் போன்ற ஒரு பேச்சு. நபியவர்கள் அவரை ஒட்டகத்திலிருந்து இறங்கச் சொன்னார்கள். உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உங்கள் செல்வங்களுக்கும் எதிராகப் பிரார்த்திக்காதீர்கள், கேட்டது கொடுக்கப்படும் ஒரு நேரத்தோடு அது பொருந்திவிடக்கூடும் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். இதனை அறிவிப்பவர் ஜாபிர் (ரழி) அவர்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. ஒட்டகத்தைச் சபித்தவருக்குக் கிடைத்த அறிவுரையில் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். எதன் மீதும் சபித்துப் பழகிய நாவு, கடைசியில் பிள்ளையையும் விட்டுவைப்பதில்லை.

சரி, பல ஆண்டுகள் பழகிய நாவைத் திருப்புவது எப்படி?

இதற்கும் நபிவழியில் மருந்து இருக்கின்றது. புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்களின் நாவில் லாத், உஸ்ஸா என்ற சிலைகளின் பெயரால் சத்தியம் செய்யும் பழைய வழக்கம் எஞ்சியிருந்தது. அவ்வாறு வாய் தவறிச் சொல்லிவிட்டவர் உடனே 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்று சொல்லட்டும் என நபியவர்கள் பணித்தார்கள். பழக்கச் சொல் வந்த அதே இடத்தில் நல்ல சொல்லை வைக்கச் சொன்னார்கள். நாவு வெற்றிடத்தை விரும்புவதில்லை. மாற்றுச் சொல்லைக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும்.

ஆகவே வாலிபர்களே, 'வல்லாஹி' வரும் இடத்தில் 'உண்மையாக' என்று சொல்லிப் பழகுங்கள். 'ஓம்', 'இல்லை' என்பதே போதுமான இடங்களில் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெற்றோர்களே, கோபம் வரும்போது "அல்லாஹ் உனக்கு ஹிதாயத்தைத் தரட்டும்", "ஸாலிஹான பிள்ளையா ஆக்கட்டும்" என்று ஏசுங்கள். ஆம், ஏசுவதற்கும் இதையே பயன்படுத்துங்கள். துஆ ஏற்கப்படும் நேரத்தோடு அது பொருந்திவிட்டால் உங்களுக்கு இலாபமே. 'இன்ஷா அல்லாஹ்' சொல்லும்போது நாளையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடியாதென்றால், "முடியாது மகன்" என்று அன்போடு சொல்லிவிடுங்கள். உண்மையான 'இல்லை'யைக் கேட்டுப் பிள்ளை சற்று நேரம் அழும். பொய்யான 'இன்ஷா அல்லாஹ்'வைக் கேட்ட பிள்ளையோ நம்பிக்கையை இழந்துவிடும்.

நம் பழக்கத்தை நாமே அறிய ஓர் இலகுவான வழியும் உண்டு. வட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய குரல் பதிவுகளை மீண்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எந்தச் சொல் எத்தனை தடவை வருகின்றதென்று எண்ணுங்கள். நபியவர்களின் பேச்சை எண்ண விரும்பினால் எண்ணிவிடலாம், அவ்வளவு நிதானமாக இருந்தது என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். நிதானம் வந்துவிட்டால் நிரப்புச் சொற்கள் தாமாகவே குறையும். சொல் கிடைக்காதபோது சற்று நேரம் மௌனமாக இருப்பதில் வெட்கமில்லை.

பிறரைத் திருத்தும் முறையிலும் கவனம் தேவை. முஆவியா இப்னுல் ஹகம் (ரழி) என்னும் தோழர், தொழுகையில் ஒருவர் தும்மியபோது பழக்கப்படி 'யர்ஹமுகல்லாஹ்' என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அருகிலிருந்தோர் அவரை முறைத்துப் பார்த்தனர். தொழுகை முடிந்ததும் நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது என்று கற்றுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அதைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதில்லை என்று அத்தோழர் கூறினார். எனவே, நண்பர்கள் முன்னிலையில் மகனின் பேச்சைத் திருத்தி அவனை அவமானப்படுத்தாதீர்கள். மகனே, உம்மாவின் வாயில் ஒரு கடுஞ்சொல் வந்துவிட்டால், ஹதீஸைக் காட்டி அவளோடு வாதம் புரியாதே. அருகில் சென்று, "உம்மா, எனக்கு துஆ செய்ங்க" என்று மட்டும் சொல். அவள் விளங்கிக்கொள்வாள்.

அன்பார்ந்த நேயர்களே! பேசுகின்றவருக்குப் பழக்கமாக இருப்பது, கேட்கின்றவருக்குச் சொல்லாகச் சென்று சேர்கின்றது. நாம் மொழியும் ஒவ்வொரு சொல்லையும் பதிவதற்குக் கண்காணிப்பாளர் ஒருவர் ஆயத்தமாக இருக்கின்றார் எனச் சூரா காஃபின் 18ஆம் வசனம் நினைவூட்டுகின்றது. இன்று இரவு வீட்டில் பேசும் பேச்சிலிருந்தே இந்தக் கவனத்தை ஆரம்பிப்போமாக.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளைச் சீராக்குவாயாக! உன் திருநாமத்தை மலிவாக்கிவிடாத மக்களாக எங்களை ஆக்குவாயாக! அறியாமல் எங்கள் வாயிலிருந்து வந்த தீய சொற்களை எங்கள் பிள்ளைகள் மீது பலிக்கச் செய்யாதிருப்பாயாக! அவற்றை அவர்களுக்கு ரஹ்மத்தாக மாற்றித் தருவாயாக! ஆமீன்.

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.